மெய்யூர் வாசலில் இரண்டு வாக்கியங்கள்

வாக்கியங்களுக்கென்று ஓர் ஊர் இருந்தது. பெயர் மெய்யூர். மனிதர் வாயிலிருந்து கிளம்பும் எந்த வாக்கியமும் நேரே அந்த ஊர் வாசலுக்குத்தான் போகும். உள்ளே வீடு கிடைத்தால் அது உண்மை. கிடைக்காவிட்டால் வெளியே நிற்க வேண்டியதுதான்.

வாசலில் காவல் இருந்தவர் பெயர் ஆகவே. ஒரு முக்காலி, ஒரு சாவிக்கொத்து, சிடுசிடுவென்று ஒரு முகம். யார் வந்தாலும் ஒரே கேள்வி: "உள்ளே இருப்பவர்களில் யாரிடமிருந்து வருகிறாய்? வந்த வழியைக் காட்டு." காட்டினால் கதவு திறக்கும். அழுதாலும் சரி, அதட்டினாலும் சரி, வேறு எதற்கும் திறக்காது. அப்படி ஒரு முசுடு.

ஒரு நாள் காலை ஒரு சின்ன வாக்கியம் வந்து நின்றது. 'சேசடிமை உயிரோடு இருக்கிறான்' என்பது அதன் முழுப்பெயர். அனுப்பியவள் கடற்கரைக்காரி பிலோமி. அவள் தம்பி சேசடிமை புயலில் மாட்டிக்கொண்டவன். படகும் கரைக்கு வரவில்லை, உடைந்த பலகை ஒன்றுகூட வரவில்லை.

அதன் பின்னாலேயே இன்னொரு வாக்கியம் வந்தது: 'சேசடிமை உயிரோடு இல்லை.' பிலோமியின் காதில் விழாமல் அக்கம்பக்கத்தார் முணுமுணுத்து அனுப்பியது. வாசலில் இருந்தவர்கள் முதலாவதை 'இருக்கிறான்' என்றும், மற்றதை 'இல்லை' என்றும் சுருக்கமாகக் கூப்பிட்டார்கள்.

"உங்கள் இருவரில் ஒருவருக்கு வீடு நிச்சயம். யாருக்கு என்பதுதான் தெரியாது," என்றார் ஆகவே.

'இருக்கிறான்' எதையும் துருவித் துருவிக் கேட்கும் ரகம். "இரண்டு பேருக்குமே கொடுத்துவிட்டால் என்ன?"

"கூடாது. எதிரும் புதிருமான இருவர் ஒரே சமயத்தில் உள்ளே குடியிருக்கக் கூடாது. ஊர்ச் சட்டம்."

"இருந்தால் என்ன ஆகும்?"

ஆகவே தலையைச் சொறிந்தார். "தெரியாது. இதுவரை யாரும் இருந்து பார்த்ததில்லை."

'இருக்கிறான்' சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. வாசலுக்குப் பக்கத்தில் எனில் என்றொரு பாலம் இருந்தது. 'சேசடிமை உயிரோடு இருந்தால் பிலோமி அவனுக்குச் சோறு எடுத்து வைப்பாள்' என்று அதில் எழுதியிருந்தது. பிலோமி தினமும் சோறு எடுத்து வைப்பது ஊரறிந்த உண்மை. அப்புறமென்ன என்று 'இருக்கிறான்' அந்தச் சோற்றுப் பக்கத்திலிருந்து பாலத்தில் ஏறப் பார்த்தது.

"ஏய், ஏய், இறங்கு!" என்று எனில் கத்தியது. "என் மேல் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்குத்தான் வரலாம். நீ தலைகீழாக ஏறுகிறாயே!"

"சோறுதான் இருக்கிறதே. அப்படியென்றால் அவனும் இருக்க வேண்டாமா?"

"அவன் செத்திருந்தாலும் அவள் எடுத்து வைப்பாள். அக்கா மனசு அது," என்றது எனில்.

'இருக்கிறான்' இறங்கிவிட்டது.

அந்தச் சோற்றைத்தான் பிலோமி தூக்குச்சட்டியில் வாசலுக்குக் கொண்டு வருவாள். "உள்ள போயிட்டியா?" என்பாள். "இன்னும் இல்லக்கா" என்று 'இருக்கிறான்' சொல்லும். "சரி, தின்னு. தெம்பா இரு." 'இல்லை' பக்கம் மட்டும் திரும்பக்கூட மாட்டாள். அது ஒரு தரம் "அக்கா" என்று கூப்பிட்டுப் பார்த்தது. காறித் துப்பிவிட்டுப் போய்விட்டாள்.

இப்படி இருக்கையில் ஊருக்குள் ஒரு தகராறு. புயலடித்த அன்று 'கலங்கரை விளக்கம் எரிந்தது' என்ற வாக்கியம் முன்பே உள்ளே வீடு வாங்கியிருந்தது. இப்போது கரை திரும்பிய படகுக்காரர்கள் கூட்டமாக வந்து, 'கலங்கரை விளக்கம் எரியவில்லை' என்ற வாக்கியத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு நின்றார்கள். அதற்கும் வீடு வேண்டுமாம். ஒரே கூச்சல்.

ஊர்த் தலைவர் சமரசம். தங்கமான மனிதர். எல்லாரையும் "வாங்க, வாங்க" என்றுதான் பேசுவார். யார் முகம் வாடினாலும் அவருக்குச் சாப்பாடு இறங்காது. இந்தத் தங்கமான மனிதர்களால் வரும் வினை இருக்கிறதே, அதைச் சொல்லி மாளாது.

"ரெண்டு பேருமே நம்ம ஆட்கள்தானே," என்றார் சமரசம். "இவரை அனுப்பினால் அவர் வருத்தப்படுவார், அவரை அனுப்பினால் இவர் வருத்தப்படுவார். எரிந்ததும் இருக்கட்டும், எரியாததும் இருக்கட்டும். எதிரெதிர் வீடு கொடுத்துவிடுவோம்."

"இரண்டில் எது என்று விசாரியுங்கள். அதுவரை இரண்டும் வெளியே நிற்கட்டும்," என்றார் ஆகவே.

"நீ ஒருத்தன்! எப்போது பார்த்தாலும் மல்லுக்கு நிற்பாய்," என்று சமரசம் அவரைத் தட்டிக்கொடுத்து, ஒரு வீட்டுச் சாவியை வாங்கி 'எரியவில்லை'யிடம் கொடுத்தார். ஊரே கைதட்டியது.

அன்று சாயங்காலமே ஆரம்பித்துவிட்டது கூத்து.

மெய்யூரில் அல்லது என்றொரு வண்டிக்காரர் இருந்தார். அவர் வண்டியில் இரண்டே இருக்கை. ஏறும் இருவரில் ஒருவர் ஊர்க்காரராக இருந்தால் போதும், வண்டி உள்ளே போகலாம். கூட வருபவருக்கு வீடு கிடையாது. ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். ஆனால் வழக்கம் ஒன்று உண்டு. ஊர்க்காரர் என்று ஏறியவர் பொய் என்று தெரிந்து இறக்கிவிடப்பட்டால், மற்றவருக்கே வீடு. இருவரில் ஒருவராவது உண்மையாக இருந்தாக வேண்டுமே!

'எரிந்தது' காற்று வாங்க வெளியே வந்தது. வாசலில் 'இருக்கிறான்' உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "வாயேன், ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வரலாம்" என்று கூப்பிட்டது. இருவரும் வண்டியில் ஏறி உள்ளே போனார்கள். முதல் தெருவிலேயே 'எரியவில்லை' குறுக்கே வந்து நின்றது.

"நான் இங்கே வீடு வாங்கிய உண்மை. அப்படியானால் நீ பொய். இறங்கு கீழே!"

'எரிந்தது' முனகிக்கொண்டே இறங்கியது. வண்டியில் மிச்சம் இருந்தது 'இருக்கிறான்' மட்டும். வண்டிக்காரர் அல்லது வாசலைத் திரும்பிப் பார்த்தார். காவலில் இருந்த ஆகவே என்ன செய்வார் பாவம்? வழி சரியாகத்தான் இருந்தது. ஒவ்வொரு அடியும் சட்டப்படி. வீட்டுச் சாவியை எடுத்துக் கொடுத்தார்.

'எரிந்தது' இறங்கினாலும் அதன் வீடு போகவில்லை. தலைவரே இருக்கட்டும் என்று சொன்ன வீடாயிற்றே. ஒரு காபியைக் குடித்துவிட்டு மறுபடி வண்டிக்கு வந்தது. அடுத்த சவாரியில் அதே வழியில் 'கடல் தண்ணீர் தித்திக்கும்' வீடு வாங்கியது. அடுத்து 'நண்டுக்குக் கொம்பு உண்டு.' வருஷக்கணக்காக வாசலில் நின்ற புளுகுகள் எல்லாம் வரிசையில் வந்து ஏறின. மெய்யூரில் அப்படி ஒரு குடியேற்றத்தை யாரும் கண்டதில்லை.

மறுநாள் பிலோமி தூக்குச்சட்டியோடு வந்தாள். வாசலில் 'இருக்கிறான்' இல்லை. எட்டிப் பார்த்தாள். ஊருக்குள் ஒரு வீட்டு வாசற்படியில் அது நின்றுகொண்டிருந்தது.

"ஏ மாதாவே! என் தம்பி உயிரோட இருக்கான்!" அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். கை தட்டிச் சிரித்தாள். திரும்ப அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எப்படிலே உள்ள போன? யாரு பாத்தா அவன? எந்தக் கரையில இருக்கான்?" என்று மூச்சுவிடாமல் கேட்டாள்.

'இருக்கிறான்' வாயைத் திறப்பதற்குள் அடுத்த வீட்டுக் கதவு திறந்தது. உள்ளேயிருந்து 'இல்லை' வந்து நின்றது. அதன் கையிலும் ஒரு சாவி; அதுவும் அதே வண்டியில் வந்ததுதான்.

பிலோமி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். முகம் செத்துவிட்டது.

"நேத்து வரைக்கும் எனக்கு ஒண்ணு தெரியாதுன்னாவது தெரிஞ்சுச்சே," என்றாள். "இப்ப நான் யாருகிட்டப் போய்க் கேப்பேன்?"

'இருக்கிறான்' தெருவைப் பார்த்தது. தித்திக்கும் கடலும் கொம்பு நண்டும் எதிர்வீட்டில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தன. யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது, எல்லாம்தான் உண்மையாயிற்றே. எதிரும் புதிருமாக இருவர் உள்ளே இருந்தால் என்ன ஆகும் என்று அன்று கேட்டோமே, இதுதான் ஆகும் போலிருக்கிறது என்று அதற்குப் புரிந்தது. 

அது வாசலுக்கு வந்து சாவியை ஆகவேயிடம் நீட்டியது.

"பைத்தியமா உனக்கு?" என்றார் ஆகவே. "வெளியே போனால் மறுபடி வீடு கிடைக்குமோ கிடைக்காதோ."

"உள்ளே இருந்து அக்காவுக்கு நான் ஒன்றுமே சொல்லவில்லை. வெளியே நின்றால், இன்னும் தேட வேண்டியிருக்கிறது என்றாவது சொல்வேன்."

அது வெளியே போய் மண்ணில் உட்கார்ந்தது. கொஞ்ச நேரத்தில் 'இல்லை'யும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து, தள்ளி உட்கார்ந்தது. ஆகவே முக்காலியைத் தூக்கிக்கொண்டு அவர்களோடு வெளியே வந்துவிட்டார். உள்ளே அவருக்கு இனி என்ன வேலை?

பிலோமி தூக்குச்சட்டியைத் திறந்தாள். 'இருக்கிறான்' கையில் ஒரு உருண்டை வைத்தாள். பிறகு 'இல்லை' பக்கம் திரும்பினாள். இன்னொரு உருண்டை பிசைந்து, நகர்ந்து போய், அதன் கையில் வைத்தாள். அது திடுக்கிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தது.

"தின்னு," என்றாள். "நீ உள்ள போறதா இருந்தா, வழியக் காட்டிட்டு நேரா போ. அன்னைக்கு நான் அழுதுக்கிடுதேன்."