சடைச்சி தட்டாத ரொட்டி

மேகங்கள் இறங்கி வந்து படுத்துறங்கும் ஒரு மலைக்காட்டில் கொம்பலகன் என்ற இருவாச்சிப் பறவை இருந்தான். அவன் மனைவி இலஞ்சி ஒரு பெரிய நாங்கு மரத்தின் பொந்துக்குள் இருந்தாள்.

இருவாச்சிகளின் வழக்கம் அது. முட்டையிடும் காலம் வந்ததும் பெண் பறவை பொந்துக்குள் புகுந்துகொள்ளும். வாசலைச் சேற்றால் பூசி அடைத்துவிடும். அலகு நுழைகிற அளவுக்கு ஒரு கீற்று மட்டும் திறந்திருக்கும். உள்ளே இருக்கும்போது அதன் பறக்கும் சிறகுகள் உதிர்ந்து, மெல்ல மெல்லப் புதிதாக முளைக்கும். அதுவரை ஆண் பறவைதான் பழம் கொண்டுவந்து கீற்று வழியாக ஊட்ட வேண்டும்.

ஆகவே இலஞ்சிக்கு உலகம் அந்தக் கீற்றின் அகலம்தான். காலையில் அதில் கொஞ்சம் மேகம் தெரியும். பகலில் ஓர் இலை ஆடும். மாலையில் மேகம் பொன்னிறமாகி, அதற்குள்ளிருந்து கொம்பலகனின் மஞ்சள் அலகு நீண்டு வரும். இலஞ்சிக்கு அதுதான் பிடித்த நேரம்.

குஞ்சுகள் இரண்டும் பொரிந்த சமயத்தில் பெருங்காற்று ஒன்று வீசியது. பக்கத்து அத்தி மரங்கள் பிஞ்சையெல்லாம் உதிர்த்துவிட்டன. முறிந்து விழுந்த கிளை ஒன்று கொம்பலகனின் இடது இறக்கையில் அடித்துவிட்டுப் போனது. இனிப் பழம் வேண்டுமென்றால் பள்ளத்தாக்கைத் தாண்டி அக்கரைக்குத்தான் போக வேண்டும். முன்பெல்லாம் ஒரே பகலில் பலமுறை போய்வந்தவன், இப்போது ஒருமுறை போய்வந்தாலே சோர்ந்துபோனான்.

"இவ்வளவுதானா?" என்று கேட்டாள் இலஞ்சி.

"தொண்டை கொண்ட மட்டும் கொண்டுவந்தேன்."

"உங்கள் தொண்டையைக் குறை சொல்லவில்லை. பிள்ளைகள் இரண்டும் என் கால் விரலைப் பழமென்று நினைத்துக் கொத்துகிறார்கள். அதைத்தான் சொல்கிறேன்."

மரத்தடி வேரில் ஒரு மரநாய் மோவாயைப் பாதங்களின்மேல் வைத்துப் படுத்திருந்தது. அது மிகவும் மரியாதையாகப் பேசும்.

"அவசரம் ஒன்றுமில்லை, அண்ணி. நீங்களாகக் கதவைத் திறக்கும்போது திறங்கள். நான் இங்கேதான் இருப்பேன்," என்றது.

இலஞ்சி குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "பசி தாங்காமல் போனால் சுவரை உடைத்துத்தான் ஆக வேண்டும். நான் வெளியே வந்து ஏதாவது தேடுவேன்."

"உனக்கு இன்னும் சிறகு முளைக்கவில்லையே."

"அது எனக்குத் தெரியாதா?" என்றாள் இலஞ்சி.

அவள் சிறகில்லாமல் வெளியே வந்தால் என்ன நடக்கும் என்பது அவர்கள் இருவருக்கும் தெரியும். கீழே படுத்திருந்ததற்கும் தெரியும்.

அப்போது காற்றில் மாவு வேகும் மணம் வந்தது. சடைச்சி ரொட்டி சுடுகிறாள்.

சடைச்சி ஒரு கரடி. குளக்கரையில் ஒரு பழைய கரையான் புற்று இருந்தது. கரையானைத் தின்று முடித்தவள், புற்றை மேலும் குடைந்து அடுப்பாக்கிக்கொண்டாள். அடியில் ஒரு தட்டைக்கல். அதைச் சுற்றி நெருப்பு.

ரொட்டி சுடும் வித்தையை அவளுக்குச் சொன்னது ஒரு செங்கால் நாரை. பனிக்காலத்தைக் கழிக்க வெகுதூரம் மேற்கிலிருந்து வந்த நாரை அது. ஒரு பிடி கோதுமையைக் கொடுத்துக் கரையில் விதைக்கச் சொன்னது. மாவை எப்படிப் பிசைவது, முந்தின நாள் மாவில் ஓர் உருண்டையை எடுத்துவைத்து எப்படிப் புளிக்க விடுவது, மாவு பொங்கும் வரை இலையால் எப்படி மூடிவைப்பது, வட்டமாக எப்படித் தட்டுவது எல்லாவற்றையும் சொன்னது. கல் நன்றாகக் காய வேண்டும் என்றும் சொன்னது. அதற்குள் சடைச்சிக்குப் பசி வந்துவிட்டது.

"மீதியை நானே பார்த்துக்கொள்கிறேன்," என்று எழுந்து போய்விட்டாள். நாரையும் பறந்துவிட்டது.

அந்த மீதியில்தான் விஷயம் இருந்தது. கல்லில் போட்டதும் ரொட்டி ஒரு பக்கம் வீங்கியது. சடைச்சி திடுக்கிட்டாள். 'என்ன குறையோ தெரியவில்லையே' என்று நினைத்துப் பாதத்தால் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். வீக்கம் அடங்கியது. அன்று முதல் ஒவ்வொரு ரொட்டிக்கும் ஒரு தட்டு. காட்டு விலங்குகளுக்கும் அதுவே பழகிவிட்டது. ரொட்டியைக் கையில் வாங்கித் தூக்கிப் பார்ப்பார்கள். கனமாக இருந்தால் நல்ல ரொட்டி என்பார்கள்.

கொம்பலகன் ரொட்டிக்கு ஈடாகச் சுள்ளி விறகு கொண்டுபோய்ச் சடைச்சியின் அடுப்படியில் போட்டான். கிளையில் உட்கார்ந்து தன் ரொட்டிக்காகக் காத்திருந்த தாவலன் என்ற குரங்கு பல்லைக் காட்டியது.

"வாருங்கள் மாப்பிள்ளை. வீட்டில் சமையல் இல்லையா?"

"வீட்டையே அடைத்துவைத்திருக்கிறார்கள், நீ வேறு," என்றான் கொம்பலகன். பிறகு கரடியிடம் திரும்பினான். "அக்கா, இருப்பதிலேயே கனமான ரொட்டி ஒன்று வேண்டும். பிள்ளைகள் பசியாய்க் கிடக்கிறார்கள்."

சடைச்சிக்கு மனம் இளகியது. அவன் ரொட்டிக்கு இரண்டு தட்டுத் தட்டினாள்.

அந்த ரொட்டி கீற்றுக்குள் நுழையவில்லை. கொம்பலகன் அதைக் கிளையில் மோதி உடைத்துத் துண்டு துண்டாக உள்ளே கொடுத்தான்.

"சுவர் பூச என்னிடம் சேறு இருக்கிறதே. இதை எதற்குக் கொண்டுவந்தீர்கள்?" என்று கேட்டாள் இலஞ்சி. குஞ்சுகள் வாயில் வாங்கித் துப்பின. இலஞ்சி பெருமூச்சு விட்டாள். "இவர்களுக்குத் தண்ணீரும் பழச்சாறுதான், சாப்பாடும் பழம்தான். காய்ந்த மாவை எப்படி விழுங்குவார்கள்? பழம் வேண்டும். நிறைய வேண்டும். நாளைக்கும் இப்படித்தான் என்றால், நான் சொன்னதைச் செய்துவிடுவேன்."

மறுநாள் விடியலில் மேகம் குளத்தின்மேல் இறங்கிப் படுத்திருந்தது. எது நீர், எது கரை என்று தெரியவில்லை. அக்கரைக்குப் பறக்கும் முன் இன்னும் மென்மையான ரொட்டி கிடைக்குமா என்று கேட்க வந்தான் கொம்பலகன். அடுப்பின் செந்நிறம் மட்டும் வெண்மைக்குள் தூரத்துப் பூப்போலத் தெரிந்தது. பக்கத்தில் சடைச்சி உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தாள். மேகம் அவள் மடியில் தலை வைத்திருந்ததா, அவள் மேகத்தின் மடியில் தலை வைத்திருந்தாளா, சொல்ல முடியாது.

கல்லில் ஒரு ரொட்டி கிடந்தது. தட்டுவதற்கு யாரும் இல்லை.

முதலில் அதன் நடுவில் சின்னதாக ஒரு குமிழ் எழுந்தது. பக்கத்தில் இன்னொன்று. இரண்டும் நகர்ந்து ஒன்றையொன்று தொட்டன. பிறகு ரொட்டி முழுவதும், தூங்கும் பிள்ளையின் வயிறு மூச்சில் எழுவதுபோல, மெதுவாக எழுந்தது. எழுந்து எழுந்து உருண்டையானது. மேகத்துக்குள் ஒரு சிறிய நிலா உதித்ததுபோல இருந்தது. கொம்பலகன் பசியை மறந்தான். வலியை மறந்தான். இறக்கையை மடித்தபடி பார்த்துக்கொண்டே நின்றான்.

சடைச்சி விழித்துக்கொண்டாள். பார்த்ததும் பாதத்தை ஓங்கினாள்.

"தட்டாதீர்கள், அக்கா."

"ஏன்? வீங்கிப்போயிருக்கிறதே."

"வீங்கினதுபோலத் தெரியவில்லை. எதற்கோ மூச்சை இழுத்துப் பிடித்திருப்பதுபோல இருக்கிறது."

சடைச்சி முனகிக்கொண்டே ரொட்டியைக் குச்சியால் இழுத்து வெளியே போட்டாள். "வேண்டுமானால் நீயே எடுத்துக்கொள். உள்ளே ஒன்றும் இருக்காது, வெறும் காற்று. ஆனால் வெளியே சொல்லிவிடாதே. சடைச்சி ரொட்டியில் பொக்கு என்று காடே சிரிக்கும்."

"காடு சிரிப்பதற்கு முன்னால் நான் சிரித்துக்கொள்கிறேன்," என்றது மேகத்துக்குள்ளிருந்து தாவலனின் குரல். "மாப்பிள்ளை, காற்றைச் சாப்பிட்டால் உங்களுக்கு நல்லதுதான். பறக்க லேசாக இருக்கும்."

கொம்பலகன் அலகு நுனியால் ரொட்டியின் ஓரத்தை மெல்லக் கீறினான். ஆவி ஒரு பெருமூச்சாக வெளியே வந்தது. ஓரம் பிரிந்து வாய்போலத் திறந்தது. உள்ளே எட்டிப் பார்த்தான். வெதுவெதுப்பான இருட்டு. மெல்லிய சுவர்கள். ஒன்றுமே இல்லை.

எங்கோ பார்த்த இடம்போல இருந்தது அவனுக்கு. நாங்கு மரத்தின் பொந்தும் இப்படித்தான் இருந்தது, இலஞ்சி குடிபுகுவதற்கு முன்னால். உள்ளே ஒன்றும் இல்லாததால்தானே அவள் உள்ளே போக முடிந்தது?

"அக்கா, இதற்குள் எவ்வளவு பழம் பிடிக்கும்?" என்று கேட்டான்.

சடைச்சி குனிந்து உள்ளே பார்த்தாள். அவள் அப்படி யோசித்ததே இல்லை. "என் பாதம் நுழையும்போல் இருக்கிறதே," என்றாள். தாவலன் மட்டும் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தது. ஆனால் நன்றாகப் பார்ப்பதற்காக ஒரு கிளை கீழே இறங்கி வந்திருந்தது.

கொம்பலகன் ரொட்டியைக் கவ்விக்கொண்டு பறந்தான். பள்ளத்தாக்கில் காற்று வெள்ளைப் பஞ்சுபோலக் கிடந்தது. இறக்கை ஒவ்வொரு வீச்சுக்கும் வலித்தது. அக்கரை அத்தியில் பழங்கள் கனிந்து கறுத்திருந்தன. ஒவ்வொன்றாகப் பறித்து ரொட்டிக்குள் போட்டான். தொண்டை ஒருமுறை கொள்ளும் அளவு போட்டான். மறுபடியும் அவ்வளவு போட்டான். அதற்கு மேலும் இடம் இருந்தது. பிறகு தொண்டையையும் நிரப்பிக்கொண்டு திரும்பினான்.

அவன் வர மாலையாகிவிட்டது. தூரத்திலேயே அந்தச் சத்தம் கேட்டது. டொக், டொக். இலஞ்சி உள்ளிருந்து சுவரைக் கொத்திக்கொண்டிருந்தாள். காய்ந்த சேறு பொடிப்பொடியாக உதிர்ந்தது. மரநாய் வேரைவிட்டு எழுந்து, அடிமரத்தில் முன்னங்கால்களை வைத்துக்கொண்டு நின்றது.

"சிரமப்படாதீர்கள், அண்ணி. இந்தப் பக்கத்திலிருந்து நானும் கொஞ்சம் கை கொடுக்கட்டுமா?" என்றது.

கொம்பலகனால் கூவ முடியவில்லை. வாயைத் திறந்தால் ரொட்டி விழுந்துவிடும். மேகத்தைக் கிழித்துக்கொண்டு வந்து கிளையில் மோதி உட்கார்ந்தான். ஒரு பழத்தை எடுத்துக் கீற்றுக்குள் நீட்டினான்.

டொக் சத்தம் நின்றது.

இன்னொரு பழம். இன்னொன்று. உள்ளே கீச்சுக்கீச்சென்று இரண்டு குரல்கள் ஒன்றையொன்று முந்தின. பழம் தீரவில்லை. கொடுத்துக்கொண்டே இருந்தான். கீச்சொலி மெல்ல மெல்லத் தணிந்து, கடைசியில் திருப்தியான ஒரு முனகலானது.

"எங்கே வைத்திருந்தீர்கள் இவ்வளவையும்?" என்று கேட்டாள் இலஞ்சி.

"காற்றுக்குள்," என்றான் கொம்பலகன்.

"பசியில் உங்களுக்குப் பேச்சு குழறுகிறது. நீங்களும் ஏதாவது சாப்பிடுங்கள்."

ரொட்டி இப்போது காலியாக, ஆறி, துவண்டு, இலைபோலத் தட்டையாகக் கிடந்தது. பழச்சாறு ஊறி உள்ளெல்லாம் நனைந்திருந்தது. கொம்பலகன் ஒரு துண்டைத் தனக்கென்று கிழித்துக்கொண்டு, மீதியைக் கீற்றில் வைத்துத் தள்ளினான். நேற்று நுழையாத ரொட்டி இன்று வழுக்கிக்கொண்டு உள்ளே போனது.

உள்ளே அலகுகள் ரொட்டியைப் பிய்க்கும் சத்தம் கேட்டது.

"இது சேறு இல்லை," என்றாள் இலஞ்சி வாய் நிறைய.

பிறகு அவள் உதிர்த்த சுவரை மறுபடி பூசத் தொடங்கினாள். மரநாய் சற்று நேரம் நின்று பார்த்தது. "சரி அண்ணி, நான் இன்னொரு நாள் வருகிறேன்," என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, மேகத்துக்குள் இறங்கிப் போனது.

அதன்பின் தினமும் விடியலில் சடைச்சி ஒரு ரொட்டியைத் தட்டாமல் விட்டாள். தாவலன் தனக்கும் அதுபோல ஒன்று வேண்டும் என்றது. தேன் ஊற்றிக்கொள்ளவாம். போகப்போக யாருமே கனமான ரொட்டி கேட்கவில்லை. சடைச்சியும் ரொட்டியை உப்ப வைப்பது தன் சொந்தக் கைப்பக்குவம் என்று சொல்லிக்கொள்ளத் தொடங்கினாள். கொம்பலகன் அதை மறுக்கவில்லை. அவனுக்கு வேறு வேலை இருந்தது. மேகம் விலகிய ஒரு காலையில் இலஞ்சி, முளைத்து முடிந்த சிறகுகளோடு, தானே சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். முழு வானத்தையும் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். பிறகு பள்ளத்தாக்கின்மேல் அவர்கள் இருவரும் சேர்ந்து பறந்தார்கள்.

உள்ளே ஒன்றுமில்லை என்று எதையும் தட்டி நசுக்கிவிடாதீர்கள். நமக்கு வேண்டியதை வைத்துக்கொள்ளும் இடம் அந்த வெறுமையில்தான் இருக்கிறது.