கோர்ட்டின் வலது பாதி

கருமண்டபம் ஏரியாவில் ஒரு பழைய நெல் குடோன். நெல் போய் வெகு காலமாகிறது. இப்போது உள்ளே ஒரே ஒரு ஷட்டில் கோர்ட்தான். கற்றுக்கொடுப்பவர் பெயர் ஸ்டெல்லா. பெண்தான், ஆனாலும் எங்கள் எல்லோருக்கும் அவர் "மாஸ்டர்". மேடம் என்று கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

மாஸ்டர் போட்ட சட்டம் ஒன்று உண்டு. ஆடுவதற்கு முன் அவரவர் நிற்கும் இடத்தை அவரவரே பெருக்க வேண்டும். கூரையில் புறாக்கள் குடித்தனம் நடத்துவதால் பெருக்குவதற்குக் குறைவே இல்லை. டாக்டர் வந்தாலும் சரி, வக்கீல் வந்தாலும் சரி, முதலில் கையில் துடைப்பம்தான்.

தென்னரசுவும் மஞ்சரியும் நாலு வருஷமாக இங்கே ஜோடி போட்டு ஆடினவர்கள். இடது பாதி இவனுக்கு, வலது பாதி அவளுக்கு. பெருக்குவதிலும் அதே பங்குதான்: நடுக்கோடு வரைக்கும் இவன், கோட்டுக்கு அந்தப் பக்கம் அவள். காக், அதாவது இறகுப் பந்து, அவள் பக்கம் போனால் இவன் "உனக்கு!" என்று ஒரு கத்தல் கத்துவான், அவள் பாய்ந்து எடுப்பாள். கல்யாணப் பத்திரிகை எப்ப வைக்கப் போறீங்க என்று நாங்களும் கேட்காத நாளில்லை.

போன மழைக்கு முன்னால் இருவரும் பிரிந்துவிட்டார்கள். அடிதடி எதுவும் இல்லை. நமக்கு ஒத்து வரவில்லை, இழுத்துக்கொண்டே போக வேண்டாம் என்று மஞ்சரி நேரிலேயே சொல்லிவிட்டு, ஓசூருக்கு வேலை மாற்றிக்கொண்டு போனாள். அவளைக் குறை சொல்ல எங்களுக்கு மனசு வரவில்லை. இவனைப் பார்க்கவும் சகிக்கவில்லை.

ரொம்ப நாள் கழித்து ஒரு சனிக்கிழமை சாயங்காலம் தென்னரசு வந்தான். கையில் பேட் இல்லை. தாடி, தொளதொளவென்று சட்டை. மாஸ்டரிடம் நேராகப் போய், கிளப்பிலிருந்து தன் பெயரை எடுத்துவிடச் சொன்னான். அவர் ஏன் என்று கேட்கவில்லை. பக்கத்து நாற்காலியைத் தட்டினார். உட்கார்ந்தவன் கொட்டித் தீர்த்துவிட்டான்.

வேலை நாள் ஐந்தும் எப்படியோ ஓடிவிடுகிறதாம். அவன் ஒரு லேபில் ரத்தம் எடுக்கிறவன். கையை நீட்டுகிறவர்களின் நரம்பைத் தேடுவதில் பொழுது போய்விடும். சனி, ஞாயிறுதான் வினை. முன்பெல்லாம் சனிக்கிழமை இரண்டு பேருமாகக் காந்தி மார்க்கெட், ஞாயிறு காலையில் இந்த கோர்ட், ஆட்டம் முடிந்தால் ஒரே தட்டில் பொங்கல். இப்போது ஜன்னலைச் சாத்திவிட்டு மத்தியானம் வரை படுக்கை, பிரிக்காத பிரியாணிப் பொட்டலம், கையில் போன். அவள் போட்டோ ஏதாவது போட்டிருக்கிறாளா என்று பார்த்துப் பார்த்துக் கண்ணே எரிகிறதாம்.

"அதான் மாஸ்டர், சனி ஞாயிறும் டூட்டி குடுங்க, எனக்கு லீவே வேணாம்னு திங்கக்கிழமை மேனேஜர்கிட்ட சொல்லப் போறேன். லீவு இருந்தாத்தானே தொல்லை? சொல்லிரட்டுமா?"

"நாளைக்குக் காலையில எங்கூட ஒரு ஆட்டம் ஆடு. ஆடி முடிச்சிட்டு இதையே கேளு."

ஞாயிறு காலை வந்தான். பழக்கதோஷம், வந்ததும் துடைப்பத்தை எடுத்துவிட்டான். பின்கோட்டிலிருந்து வலை வரை இடது பாதியைச் சுத்தமாகப் பெருக்கினான். நடுக்கோடு வந்தது. துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டுப் பேட்டை எடுத்துக்கொண்டான்.

கோட்டுக்கு அந்தப் பக்கம் புறா இறகும் தூசியும் அப்படியே கிடந்தன. பெஞ்சில் இருந்த எங்கள் எல்லோர் கண்ணிலும் பட்டது, அவன் கண்ணில் படவில்லை. மாஸ்டரும் பார்த்தார், பார்த்துவிட்டு சர்வீஸ் போட்டார்.

ஒற்றைக்கு ஒற்றை ஆட்டம். தனியாக ஆடுகிறவன் நடுவில் நிற்க வேண்டும், நாலு மூலையும் அவன் பொறுப்பு. தென்னரசு இடது பக்கமே ஒட்டி நின்றான். மாஸ்டர் வலது மூலைக்கு ஒரு காக் அனுப்பினார். விழுந்தது. நடுவில் நில் என்றார். நின்றான், அடுத்த சர்வீஸுக்குள் கால் இடது பக்கம் நகர்ந்துவிட்டது. திரும்பவும் வலது பக்கம் ஒன்று விழுந்தது. அவர் அங்கேயே போட்டுக்கொண்டிருந்தார். மனுஷிக்கு நெஞ்சில் ஈரமே இல்லையா என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

கடைசியில் ஒன்று உயரமாக, மெதுவாக, ஒரு குழந்தைகூட எடுக்கும்படியாக வலது பக்கம் இறங்கியது. தென்னரசு அண்ணாந்து பார்த்தான்.

"உனக்கு!" என்று கத்தினான்.

காக் தூசியில் விழுந்தது. அவன் அப்படியே தரையில் உட்கார்ந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். முப்பத்து மூன்று வயது ஆம்பிளை அத்தனை பேர் முன்னால் அழுதால் எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது?

எங்களில் இருதயராஜ் அண்ணனுக்கு இளகின மனசு. பொறுக்காமல் எழுந்துவிட்டார். "தம்பிகூட நான் சேந்து ஆடுறேன் மாஸ்டர். வலது பக்கம் நான் நிக்கிறேன்."

"இப்ப வேணாண்ணே. அந்த இடத்துல இன்னும் இவன் காலே படல."

மாஸ்டர் வலைக்கு அடியில் குனிந்து இந்தப் பக்கம் வந்தார். தன் துண்டை அவன் தோளில் போட்டார். அவன் அழுது முடிக்கும்வரை பக்கத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். அப்புறம் எழுந்துபோய்த் துடைப்பத்தைக் கொண்டுவந்து நீட்டினார்.

வலது பாதியைப் பெருக்கி முடிக்க அவனுக்கு வெகு நேரம் ஆனது. இரண்டு இடத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டான். நாங்கள் கூரையில் இருந்த புறாக்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பெருக்கி முடித்தவன், மேனேஜர் விஷயத்தைக் கேட்டான். ஆட்டம் இன்னும் முடியவில்லையே, பாதியில்தானே நிற்கிறது என்றார் மாஸ்டர். அடுத்த ஞாயிறு மிச்சத்தை ஆடலாம் என்றும், வரும்போது காந்தி மார்க்கெட்டில் எலுமிச்சம்பழம் வாங்கி வரும்படியும் சொன்னார். ஆடிவிட்டு வருகிறவர்களுக்கு ஜூஸ் போட வேண்டுமாம்.

அவன் முகம் சுருங்கிவிட்டது. "மார்க்கெட் வேணாம் மாஸ்டர். அங்க நாங்க சேந்தே போய்ப் பழகிட்டோம்."

"எலுமிச்சம்பழத்துக்கு அது தெரியாதுப்பா. ரசம் இருக்கிறதாப் பாத்து வாங்கு."

திங்கட்கிழமை அவன் மேனேஜரிடம், லீவு விஷயமாக ஒன்று கேட்க வேண்டும், அடுத்த மாசம் சொல்கிறேன் என்று மட்டும் சொன்னானாம். சனிக்கிழமை மார்க்கெட் போனான், ஞாயிறு எலுமிச்சை வந்தது. முதல் தடவை வந்தவை எல்லாம் தோல் தடித்த, சாறே இல்லாத பழங்கள். இருவருமாக மார்க்கெட் போன காலத்தில் பார்த்துப் பொறுக்கி எடுத்தவள் மஞ்சரி என்பது எங்களுக்கு அப்போதுதான் புரிந்தது. குடித்துவிட்டு நன்றாயிருக்கிறது என்று எல்லோரும் பொய் சொன்னோம். அடுத்தடுத்த வாரம் பழம் தேறியது. மார்க்கெட்டிலிருந்து வருகிற வழியில் முடி வெட்டிக்கொண்டான். கத்தரிக்காயும் வாங்கியதாக, சமைத்ததாக, உப்பு கூடிப்போனதாக ஒருநாள் சொன்னான். ஆட்டத்தில் மட்டும் முன்னேற்றம் இல்லை. முழு கோர்ட்டையும் பெருக்கினான், ஆடும்போது கால் இடது பக்கம் ஓடியது. மாஸ்டரும் ஆட்டத்தை ஒவ்வொரு வாரமும் பாதியில் நிறுத்திவிடுவார்.

மாசக் கடைசி ஞாயிறு. உள்ளே வரும்போதே தென்னரசுவின் கண் சிவந்திருந்தது. மஞ்சரிக்கு நிச்சயம் ஆகிவிட்டதாக யாரோ சொல்லியிருக்கிறார்கள். ராத்திரி முழுக்கத் தூங்கவில்லையாம்.

"இனிமே என்னால முடியாது மாஸ்டர். நாளைக்கு மேனேஜர்கிட்ட சொல்லிரப் போறேன்."

"சரி. இன்னைக்கு நிறுத்த மாட்டேன். ஆட்டம் முடிஞ்சதும் கேளு, பதில் சொல்றேன். இப்பப் பெருக்கு."

பெருக்கினான். ஆடினான். தோற்றுக்கொண்டே இருந்தான். ஆட்டம் முடியப் போகிற நேரத்தில் மாஸ்டர் வலது மூலைக்கு ஒரு காக் வேகமாக அடித்தார். அது விழுந்துவிட்டதென்றே நினைத்தேன். தென்னரசுவின் ஷூ தரையில் கீச்சென்றது. காக் எழும்பி, வலையில் மோதி, அவன் பக்கமே விழுந்தது.

"இதுவும் போச்சு மாஸ்டர்" என்றான், மூச்சு வாங்க.

"எங்க நின்னு எடுத்த?"

அவன் குனிந்து தன் காலைப் பார்த்தான். வலது மூலைக் கோட்டின் மேல் நின்றுகொண்டிருந்தான். பிறகு திரும்பி வந்து, இடது பக்கம் போகாமல், நடுவில் நின்றான். அதற்கப்புறம் இருந்த நாலைந்து பாயிண்டும் நடுவில் நின்றே ஆடித் தோற்றான்.

ஆட்டம் முடிந்தது. மாஸ்டர் முகத்தைத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து, பக்கத்து நாற்காலியைத் தட்டினார்.

"கேளு தென்னரசு, என்னமோ கேக்கணும்னியே."

தென்னரசு ஜூஸுக்குப் பழம் நறுக்கும் கத்தியை எடுத்துக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தான். பையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து, இரண்டாக நறுக்கினான். அடுத்ததை எடுத்தான். அவன் எதையும் கேட்கவில்லை.