ஊர்ச்சோறு ஏறிய பரிசல்

ஆறு இன்னும் கண் திறக்கவில்லை. மேலே பனி, கீழே தண்ணீர். எது எங்கே முடிகிறது என்று ஆற்றுக்கே தெரியாது. ரெண்டுக்கும் நடுவிலே, கரையில் கட்டிய ஒரு சின்னப் பரிசல், தூக்கத்தில் புரண்டு படுக்கிற பிள்ளை மாதிரி மெல்லச் சுற்றிக்கொண்டு கிடந்தது.

கரையில் மாதேசன் நின்றான். கல்துறைக்காரன். இன்றைக்கு எதிர்க்கரை நாவல்துறையோடு பரிசல் பந்தயம். ஜெயிக்கிற ஊருக்குத்தான் நடு ஆற்றிலிருக்கிற பெரிய மடு. வருஷம் பூராவும் அதில் மீன் பிடிக்கலாம். தோற்ற ஊர் கரையில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கலாம். போன வருஷம் கல்துறை வேடிக்கை பார்த்தது.

தோற்றது சாப்பாட்டால்.

பந்தயக் காலையில் துடுப்புப் போடுகிறவனுக்கு வீட்டுக்கு ஒரு பண்டம் ஊட்டுவது அந்த ஊர் வழக்கம். ஊர்ச்சோறு என்பார்கள். வேண்டாம் என்று சொன்னால் அந்த வீட்டு உறவு அன்றோடு போச்சு. போன வருஷம் ஓட்டிய காளப்பன் ஒரு வீட்டையும் பகைத்துக்கொள்ளவில்லை. பாதி ஆற்றில் பரிசல் விளிம்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, தின்றதையெல்லாம் மீன்களுக்குப் பரிமாறினான். அந்த மீன்கள் கொழுத்து நாவல்துறை வலையில் விழுந்தன.

மாதேசன் பக்கத்தில் அவன் ஆசான் வேடியம்மாள். வயசில் அவனுக்கு இளையவள். ஆற்றில் மூத்தவள்.

"ஆசானே, பந்தயத்துக்கு முன்னாலே என்ன சாப்பிடணும்?"

"வேற யாரைக் கேட்டே?"

"எல்லாரையும்."

"அப்ப எனக்கு என்ன மிச்சம் வெச்சிருக்கே?"

அவன் வாயைத் திறப்பதற்குள் பனியைக் கிழித்துக்கொண்டு ஊர் வந்துவிட்டது. முதலில் வாசனை, அப்புறம் பாத்திரச் சத்தம், கடைசியாக ஆட்கள்.

"முட்டை!" என்று முழங்கினார் பழைய பயில்வான் மாமா. "பச்சையா உடைச்சு ஊத்து! என் தொடையப் பாரு, எங்கே, தட்டிப் பாரு!"

"ரெண்டே ரெண்டு அதிரசம், ராசா," என்று இழுத்தாள் அத்தை. "நெய்யில சுட்டது. அத்தை மனசு நோகுமில்ல? சரி, மூணாத் தின்னு."

பூசாரி மூக்கால் பாடினார். "சர்க்கரைப் பொங்கலப்பா, பிரசாதமப்பா... சாமிக்கே செரிச்சது, உனக்குச் செரிக்காதா?"

டவுனில் வேலை பார்க்கும் தம்பி ஒரு பாக்கெட்டை ஆட்டினான். "குளுக்கோஸ்ணே! அங்கெல்லாம் இதான்ணே! இட்லி தின்னுட்டு எவண்ணே ஜெயிச்சான்?"

பின்னாலேயே ஆட்டுக்கால் சூப், களி உருண்டை, பணியாரம், யாரோ ஒருத்தருடைய ஊறுகாய் ஜாடி.

மாதேசன் ஆசானைப் பார்த்தான். அவன் வயிறும் பார்த்தது.

வேடியம்மாள் பரிசலை இழுத்துக் கரையோரம் பிடித்தாள். "எல்லாத்தையும் இதுல வைங்க. போயிக்கிட்டே சாப்பிடட்டும்."

ஊருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. பொங்கல் அண்டா ஏறியது. சூப்புச் சட்டி ஏறியது. ஒருவருக்கான பந்தயப் பரிசலில் மாதேசனுக்குக் கால் மடக்க மட்டும் இடம் கிடைத்தது.

"பந்தயத்துக்கு முன்னாலே ஒரு தடவை அந்தக் கரையோரப் பாறையத் தொட்டுட்டு வா," என்றாள் வேடியம்மாள்.

துடுப்புப் போட்டான். பரிசல் போகவில்லை, சுற்றியது. அண்டா இருந்த பக்கம் சாய்ந்து மறுபடியும் சுற்றியது. பொங்கலின் ஆவியும் ஆற்றின் பனியும் கலந்து, கரை எந்தப் பக்கம் என்றே மறந்துபோனது. சட்டி மூடிகள் ஒன்றோடொன்று இடித்து முணுமுணுத்தன. தின்னு ராசா, தின்னு, தின்னு என்று அவை தாலாட்டுவதுபோல இருந்தது. அவனுக்குக் கண் சொருகியது. ஆற்றின் மேல் இருக்கிறோமா, ஏதோ ஒரு பெரிய வயிற்றுக்குள் இருக்கிறோமா என்று தெரியாமல் சுற்றிக்கொண்டே இருந்தான்.

விளிம்பைத் தாண்டித் தண்ணீர் உள்ளே எட்டிப் பார்த்தது.

"ஐயோ, முழுகுது!" கரையில் அத்தை அலறினாள். "என் தட்டு!"

"கோயில் அண்டாய்யா!" பூசாரிக்குப் பாட்டு நின்றுபோயிற்று.

மாதேசா என்று ஒருவரும் கத்தவில்லை.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சேலையைச் செருகிக்கொண்டு, ஊரே இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கியது. அவரவர் பாத்திரத்தை அவரவரே தூக்கிக்கொண்டு கரையேறினார்கள். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் பரிசல் ஒரு விரற்கடை மேலே வந்தது. ஊறுகாய் ஜாடியும் போனபின் அது இலை மாதிரி மிதந்தது.

மாதேசன் கரைக்கு வந்தான். "அப்போ பட்டினியா, ஆசானே?"

வேடியம்மாள் துணி மூடிய சொம்பை நீட்டினாள். உள்ளே கேழ்வரகுக் கூழ், மோர் விட்டுக் கரைத்தது. கூடவே சின்ன வெங்காயம். அவன் தினமும் துடுப்புப் பிடிக்கும் முன் குடிப்பதுதான். அளவு மட்டும் பாதி.

"இன்னைக்குமா இது?"

"ஆறு மட்டும் இன்னைக்குப் புதுசா?"

சொம்பை வாங்கினான். வாய்க்குக் கொண்டுபோகவில்லை. கரையில் ஈரத் துணியோடு நின்ற முகங்களைப் பார்த்தான். பனி விலகிய எதிர்க்கரையில் கொம்பு ஊதினார்கள். நாவல்துறைக்காரன் பரிசலில் ஏறிவிட்டான்.

"தோத்துட்டேன்னா, 'எங்க சோத்தைத் தள்ளினான், அதான் தோத்தான்'னு சொல்வாங்களே, ஆசானே. ஆயுசுக்கும் சொல்வாங்களே."

"சொல்வாங்க. ஜெயிச்சா?"

அவனை அறியாமல் அத்தையின் இழுவை அவன் வாயில் வந்தது. "'எங்க அதிரசம் ஏறின பரிசலாக்கும்'னு சொல்வாங்க."

"தோத்தா பழி உனக்கு. ஜெயிச்சா மடு ஊருக்கு, பேரு அதிரசத்துக்கு." அவள் துடுப்பை எடுத்து அவன் தோளில் சாய்த்தாள். "இந்தக் கூழு ஒண்ணுதான் உன்னுது. குடிச்சிட்டு ஏறு."