கோடு போட்டு அடித்த வரி

தூத்துக்குடியில் ஜெனிட்டா என்றொரு பெண் இருந்தாள். ஜெராக்ஸ் கடையில் வேலை. ஒரு வருடமாக யாருக்கும் தெரியாமல் எழுதி, ஒரு கதையை முடித்திருந்தாள். நூலகத்தில் ஞாயிறு காலை புதியவர்கள் கதை வாசிக்கலாம் என்று அறிவித்தபோது, யோசிக்காமல் பெயரைக் கொடுத்துவிட்டாள்.

கூட்டத்துக்கு நாற்பது பேர் வந்திருந்தார்கள். முன்வரிசையில் கடை முதலாளியின் மனைவியும் உட்கார்ந்திருந்தார். ஜெனிட்டா, கடைசியாக ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம் என்று நோட்டைத் திறந்தாள்.

முதல் வரி எழுந்து நின்றுகொண்டிருந்தது.

"எங்கே போற?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"வீட்டுக்கு. பள்ளியில் படித்த ஒரு நாவலிலிருந்து என்னைக் கூட்டிவந்தாய். இந்தக் கூட்டத்தில் என்னைத் தெரிந்தவர் யாராவது இருப்பார்கள்."

அடுத்த வரியும் எழுந்தது. மழையைப் பற்றிய அழகான வரி அது. "நான் ஒரு வார இதழிலிருந்து வந்தவள். உன் கதையில் எனக்கு என்ன வேலை என்று இன்றுவரை புரியவில்லை" என்றது.

ஒன்றன்பின் ஒன்றாக வரிகள் இறங்கிப் போயின. அவள் பெருமைப்பட்ட வரிகள்தான் முதலில் போயின.

"போகாதீங்க. இன்னும் ரெண்டு பேர் வாசிச்சதும் என்னைக் கூப்பிட்டிருவாங்க."

"எங்களை நன்றாகத்தான் வைத்திருந்தாய்" என்றது கடைசியாகப் போன வரி. "ஆனால் உனக்கு என்ன நடந்தது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது."

ஜெனிட்டா பக்கங்களைப் புரட்டினாள். எல்லாம் வெள்ளையாக இருந்தன. ஒரு பக்கத்தின் அடியில் மட்டும், இரண்டு கோடு போட்டு அடித்த ஒரு வரி சுருண்டு கிடந்தது.

"நீ போகலையா?"

"எங்க போவேன்? எனக்கு வேற வீடு இல்லையே."

"உன்னை வாசிச்சா எல்லாருக்கும் தெரிஞ்சிரும்." அம்மா வேலைக்குப் போவதில்லை என்றுதான் கடையில் சொல்லிவைத்திருந்தாள்.

"எனக்கும் அதான் பயம்" என்றது வரி. "எழுதுன நீயே அன்னைக்குப் பார்த்துட்டு அடிச்சிட்ட. இவங்க என்ன செய்வாங்களோ."

"ஜெனிட்டா" என்று மேடையிலிருந்து நூலகர் கூப்பிட்டார்.

வாசல் கதவு பத்தடி தூரத்தில் திறந்தே இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். கால் கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பவும் செய்தது. பிறகு, நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு மேடையேறினாள். அவள் மூச்சுவிடுவது மைக்கில் கேட்டது.

"உப்பளத்துலருந்து வந்ததும் எங்கம்மா காலைக் கழுவ மாட்டா. தண்ணி பட்டா எரியும்."

அவ்வளவுதான் எழுதியிருந்தது. முதலாளியின் மனைவி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்புறம்?" என்றார்.

கேலியா, அக்கறையா என்று தெரியவில்லை. ஜெனிட்டா நோட்டைப் பார்த்தாள். அவள் இதுவரை பார்த்திராத ஒரு வரி, உள்ளே வரலாமா என்று தயங்கியபடி தாளின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தது.

"வா" என்றாள். அது மைக்கிலும் கேட்டுவிட்டது. யாரும் சிரிக்கவில்லை.

அந்த வரியைச் சொன்னாள். மூன்றாவது வரி, கூப்பிடாமலே வந்தது.