பூட்டிய பந்தி

கோணமங்கலத்துக்காரர்களுக்கு மூளை இல்லை என்று பக்கத்து ஊரில் சொல்வார்கள். அபாண்டம். இருக்கிறது, தேய்ந்துவிடுமே என்று எடுக்காமல் வைத்திருக்கிறோம், அவ்வளவுதான்.

நம்மூர்க் கல்யாண மண்டபத்தில் கம்ப்யூட்டர் பார்ப்பவர் சிங்காரவேலு. எத்தனை பேர் என்று சொன்னால் அரிசி, பருப்பு அளவைக் கணக்குப் போட்டு அச்சடித்துத் தரும் சின்ன நிரல், ஷெல் ஸ்கிரிப்ட், ஒன்று அங்கே உண்டு. தாளில் இல்லாத ஒரு பிடி உப்பைக்கூடச் சமையல்காரர் கூத்தபெருமாள் தொட மாட்டார். அன்று சிங்காரவேலுவின் மகளுக்கே கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் முன்னால் மானம் போய்விடக் கூடாதே என்று அவருக்கு ஒரே கவலை.

ஸ்கிரிப்ட் எழுதிய தேன்மொழி போனில் சொன்னாள்: "மாமா, ஆள் கணக்கைப் போட்டு வைக்கிற டப்பா மாதிரி 'பந்தி'ன்னு ஒரு மாறி இருக்கு, அதை எண்ணுன்னு டிக்ளேர் பண்ணிருங்க. மாறக் கூடாததுன்னா பூட்டிருங்க. அப்புறம் யாராலயும் கை வைக்க முடியாது."

அந்தப் பூட்டு சிங்காரவேலுவுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. எண் என்று அறிவித்தார். கையோடு பூட்டினார். பிறகு முந்நூறு என்று அடித்தார். மாற்ற முடியாது என்றது கம்ப்யூட்டர்.

"பாத்தியாலே, என்னாலயே தொட முடியல!" என்று கூட்டாளி மாசானத்திடம் பூரித்தார்.

தாள் வந்தது. உள்ளே எண் எதுவும் ஏறாததால் பந்தி பூஜ்யம், அரிசி பூஜ்யம். கூத்தபெருமாள் ஒரு முறைக்கு இரு முறை படித்துவிட்டு அடுப்பை அணைத்தார்.

தாலி கட்டியாயிற்று. முந்நூறு பேர் இலை முன்னால் உட்கார்ந்து தண்ணீரும் தெளித்தாயிற்று. அடுக்களையில் மூவரும் கூடி யோசித்தார்கள்.

"பூஜ்யம் எப்படிவே உள்ள போச்சு?" என்றார் கூத்தபெருமாள்.

"அண்ணாச்சி பூட்டுறதுக்குள்ள புகுந்திருக்கும்" என்றார் மாசானம். "பூட்டு தாமதம்."

சிங்காரவேலுவுக்கு அழுகையே வந்துவிட்டது. மறுபடி தேன்மொழியை அழைத்தார்.

"பூட்டினதை இனி திறக்க முடியாது, வேற பேர்ல புதுசா ஒரு மாறி வைங்க மாமா. ஆனா முதல்ல..."

"போதும் தாயி, புரிஞ்சிட்டு!" போனை வைத்துவிட்டார்.

இந்த முறை எறும்புகூட நுழைய இடைவெளி விடவில்லை. அறிவிக்கும்போதே பூட்டினார். தாள் வந்தது. மறுபடி பூஜ்யம்.

மாசானம் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "ரெண்டும் ஒண்ணுபோல இருக்கே அண்ணாச்சி. அப்ப கணக்கு சரிதான்."

சிங்காரவேலுவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பந்திக்கு ஓடி, வெறும் இலை முன்னால் உட்கார்ந்திருந்த சம்பந்தியிடம் கைகூப்பினார்.

"தப்பா நினைக்காதீங்க சம்பந்தி. ரெண்டு தடவை பாத்துட்டோம். நீங்க யாரும் இன்னும் வரல. வந்ததும் சோறு போட்டிருதோம்."