தராசு எழுதிய நுழைவுத் தேர்வு

தராசுகள் எல்லாம் சட்டம் படித்த காலம் ஒன்று இருந்தது. நம்பாதவர்கள் போய் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். கதை எங்கேயும் ஓடிவிடாது.

நீதிமன்ற வாசலில் கண்ணைக் கட்டிக்கொண்டு ஓர் அம்மாள் நிற்கிறாளே, அந்தக் காலத்தில் அவள் கையில் கிடைத்த தராசை எல்லாம் மாட்டிவிட முடியாது. சட்டக் கல்லூரியில் படித்துத் தேறிய தராசாக இருக்க வேண்டும். கல்லூரிக்குள் காலெடுத்து வைக்கவே ஒரு நுழைவுத் தேர்வு. நூறு கேள்வி. கேள்விக்கு இரண்டு பொட்டலம், தட்டுக்கு ஒன்றாக வைப்பார்கள். எது கனம் என்று முள்ளால் காட்ட வேண்டும். வித்தியாசம் ஒரு மிளகு எடைதான் இருக்கும். தப்பாகக் காட்டினால் வாங்கிய மதிப்பெண்ணிலும் கொஞ்சம் பிடுங்கிக்கொள்வார்கள்.

கடைத்தெருவில் ஆவுடையப்பன் என்றொரு மளிகைக்காரர். அவர் கடை விட்டத்தில் தொங்கிய இரும்புத் தராசுக்கு அந்தத் தேர்வை எழுத ஆசை. ஆசை என்பதைவிட அவசரம். பொங்கலுக்குள் எலக்ட்ரானிக் தராசு வாங்கப்போவதாக அவர் ஊரெல்லாம் சொல்லிவிட்டார்.

"அப்ப பழசு?" என்று கேட்டவர்களிடம், "பேரீச்சம்பழத்துக்குப் போட்டுர வேண்டியதுதான்" என்றார்.

பழைய இரும்பை வாங்கிக்கொண்டு பேரீச்சம்பழம் கொடுக்கிற வண்டிக்காரன் தெருவில் மணியடித்துப் போகும்போதெல்லாம் தராசின் சங்கிலி கிடுகிடுவென்று ஆடும். சட்டக் கல்லூரியில் இடம் கிடைத்தால் நீதிமன்றம், கிடைக்காவிட்டால் உலைக்களம். நடுவில் வேறு ஊர் இல்லை.

சட்டம் படிக்கும் எண்ணம் அதற்கு முளைத்த கதையையும் கேளுங்கள். ஒருநாள் மாடத்தி என்கிற இட்லிக்காரி, வாங்கிப்போன உளுந்தைத் திருப்பிக் கொண்டுவந்தாள்.

"அண்ணாச்சி, வீட்ல போயி அளந்தா குறையுது. எப்பமும் குறையுது. இன்னைக்கு வாய்விட்டுச் சொல்லுதேன்."

ஆவுடையப்பன் எழுந்தே நின்றுவிட்டார். "என்னட்டி பேசுத? மனுசன் பொய் சொல்லுவான். தராசு பொய் சொல்லுமா?"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். மாடத்தி பொட்டலத்தை முந்தானையில் முடிந்துகொண்டு, தலையைக் குனிந்தபடி போய்விட்டாள். தராசுக்கு அன்றைக்கு நெஞ்சு விரிந்த விரிவில் கோல் வளைந்துவிடாமல் இருந்தது ஆச்சரியம். 'நான் பொய் சொல்லுவேனா? நான் இருக்க வேண்டிய இடம் இதில்லையே, கோர்ட்டல்லவா!' என்று தோன்றியது. அன்று பிடித்த கிறுக்குதான்.

பக்கத்துத் தெருவில் ஓர் எலக்ட்ரானிக் தராசு பயிற்சி மையம் நடத்திக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமைதோறும் மொட்டை மாடியில் மாதிரித் தேர்வு. நம் தராசு அங்கே சேர்ந்தது. கூடவே கடையிலிருந்த அரைக்கிலோ எடைக்கல்லும் துணைக்குப் போனது. தராசை அது தங்கச்சி என்றும், அதைத் தராசு அண்ணாச்சி என்றும் கூப்பிடுவது வழக்கம்.

முதல் ஞாயிறு, மதிப்பெண் தொண்ணூற்றொன்று.

பயிற்சி மையமே வாயைப் பிளந்தது. நகைக்கடைத் தராசு, பித்தளை உடம்பும் பட்டுக் கயிறுமாக ஒய்யாரமாய் நிற்கும் அது, பக்கத்தில் வந்து, "மளிகைக் கடையா? பரவாயில்லையே!" என்றது. எடைக்கல் உருண்டு உருண்டு ஊரெல்லாம் சொன்னது.

அடுத்த ஞாயிறு ஐம்பத்தெட்டு.

தராசு மதிப்பெண்ணைத் திரும்பத் திரும்பக் கூட்டிப் பார்த்தது. ஒரு வாரத்தில் எங்கே போயிற்று அவ்வளவும்? படித்தது ஒழுகிப்போக அதென்ன ஓட்டைப் பானையா? முந்தின வாரம் கோலுக்கு விளக்கெண்ணெய் போட்டோம், இந்த வாரம் போடவில்லை, அதுதான் காரணம் என்று முடிவு கட்டியது. எண்ணெய் போட்டது. எண்பத்தெட்டு வந்தது. 'கண்டுபிடித்துவிட்டேன்!' என்று குதித்தது. மறுவாரம் இரண்டு மடங்கு எண்ணெயில் குளித்துவிட்டுப் போனது.

நாற்பத்து மூன்று.

நகைத் தராசு பட்டுக் கயிற்றைச் சுழற்றிக்கொண்டே, "என்னம்மா, வடை சுடப் போறியா? எண்ணெய் சொட்டுதே!" என்றது.

பிறகு விரதம் இருந்து பார்த்தது. சனிக்கிழமை வெங்காயம் நிறுக்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. முள்ளுக்குத் திருநீறு பூசிக்கொண்டது. மதிப்பெண் மட்டும் ரங்கராட்டினம்போல மேலே போய்க் கீழே வந்தது. மேலே போன வாரம், 'இதுதான் நான்' என்றது. கீழே வந்த வாரம், 'இது நான் இல்லை' என்றது.

"சார், ஏன் இப்படி ஆகுது?" என்று வாத்தியாரிடம் அழுதது.

எலக்ட்ரானிக் தராசு சிவப்பு எழுத்தில் கண்ணைச் சிமிட்டியது. "மனசு அலைபாயுது. தியானம் பண்ணு. அடுத்தது யாரு?"

இதில் வேடிக்கை என்னவென்றால், தப்பான விடைகள் எல்லாமே இடது தட்டின் பக்கமே சாய்ந்திருந்தன. ஒன்றுகூட வலது பக்கம் இல்லை. எத்தனை தப்பு என்று எல்லாரும் பார்த்தார்கள். எந்தப் பக்கம் தப்பு என்று ஒரு ஜீவனும் பார்க்கவில்லை. தராசும் பார்க்கவில்லை. கூட்டுத்தொகையைப் பார்த்துக் கும்பிடவும் குமுறவுமே அதற்கு நேரம் சரியாக இருந்தது.

தேர்வு நாளும் வந்தது. வெயில் என்றால் வெயில், காக்கையின் நிழல்கூடப் பொசுங்குகிற வெயில். சட்டக் கல்லூரி மண்டபத்தில் வரிசை வரிசையாகக் கொக்கிகள். ஊர்ப்பட்ட தராசுகள் வந்து தொங்கின. தராசு எப்படி நடந்து வரும் என்று கேட்பவர்கள், நாட்டில் சட்டம் எப்படி நடக்கிறது என்று முதலில் பார்த்துவிட்டு வாருங்கள்.

மேடையில் தலைமைத் தராசு தொங்கியது. ஆளுயரப் பித்தளை. ஒவ்வொரு தட்டிலும் ஒரு யானைக்குட்டியைக் குளிப்பாட்டலாம். அதன் கீழே சிவப்புக் கம்பளம் விரித்திருந்தது.

நம் தராசு தன் கொக்கியில் தொங்கியது. படபடப்பை அடக்கத் தலையைக் குனிந்தது. மண்டபத்தின் தரை கறுப்புக் கிரானைட். முகம் பார்க்கலாம், அப்படி ஒரு பளபளப்பு. அதில் தன் சங்கிலியைப் பார்த்தது. தட்டுகளைப் பார்த்தது. தட்டின் அடிவயிற்றைப் பார்த்தது.

தூக்கிவாரிப் போட்டது.

இடது தட்டுக்கு அடியில் கறுப்பாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. நெல்லிக்காய் அளவு.

"அண்ணாச்சி! என் அடியில என்னமோ இருக்கு! கட்டியா? புத்துநோயா?"

கொக்கிக்குக் கீழே உட்கார்ந்திருந்த எடைக்கல் அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. "மெதுவாப் பேசு தங்கச்சி. அது புளி."

"புளியா?"

"புளிதான். ஆவுடையப்பன் உன்னை வாங்கிட்டு வந்த அன்னைக்கே ஒட்டுனது. சரக்கு வைக்கிற தட்டுல்லா? அந்தப் பக்கம் கொஞ்சம் இழுத்துக் குடுக்கும். முள்ளு கோணலா நிக்கிறது தெரியக்கூடாதுன்னுதான் அவரு ஒவ்வொரு தடவையும் ஒரு சுண்டு சுண்டிவிடுவாரு. அது ஆடி முடியுறதுக்குள்ள பொட்டலத்தைக் கட்டிருவாரு."

தராசுக்கு அந்தச் சுண்டு நினைவு வந்தது. அதைச் செல்லமாகத் தட்டுவது என்றல்லவா இத்தனை நாளும் நினைத்திருந்தது!

பிறகு ஒவ்வொன்றாக வந்து விழுந்தது. உப்புப் போட்ட புளி. வெயிலில் காய்ந்து சுருங்கும். ஈரத்தில் தண்ணீர் குடித்துக் கனக்கும். தொண்ணூற்றொன்று வாங்கிய ஞாயிறு மொட்டை மாடி கொதித்தது. நாற்பத்து மூன்று வாங்கிய ஞாயிறு தூறலடித்தது. மாடிக் கொடியில் துணிகூடக் காயவில்லை. விளக்கெண்ணெயும் இல்லை, விரதமும் இல்லை. ஏறியதும் தான் இல்லை, இறங்கியதும் தான் இல்லை. மேலே வானம், கீழே புளி, நடுவில் தன் பெயர்.

இந்த அதிர்ச்சி தாங்குவதற்குள், அதைவிடப் பெரியது ஒன்று வந்து நெஞ்சில் உட்கார்ந்தது.

"அண்ணாச்சி, அப்ப மாடத்தி…"

"அவ சொன்னது நெசந்தான்."

"உங்களுக்குத் தெரியுமா? தெரிஞ்சுமா சொல்லலை?"

எடைக்கல் மெல்லச் சாய்ந்து தன் அடிப்பாகத்தைக் காட்டியது. அங்கே அரம் வைத்துச் சுரண்டிய குழி. "நான் என்னத்தச் சொல்ல? அரைக்கிலோ அரைக்கிலோன்னு கூப்பிடுதீக. நானே அரைக்கிலோ இல்ல தங்கச்சி."

தராசுக்கு மேலே தொங்குகிறோமா, கீழே விழுந்துவிட்டோமா என்றே தெரியவில்லை.

"ஆனா ஒண்ணு," என்றது எடைக்கல் அவசரமாக. "இன்னைக்கு வெயில் கொளுத்துது. புளி சுக்காக் காஞ்சு கெடக்கு. உனக்கு இன்னைக்குத் தொண்ணூறு நிச்சயம். வாயை மூடிக்கிட்டு எழுதிட்டு வா. கோர்ட்டுக்குப் போனப்பறம் சொரண்டிக்கலாம். வெளியே மணிச் சத்தம் கேக்குதா? பேரீச்சம்பழ வண்டி. நீ தோத்தா அதுல போட ஆவுடையப்பனும் வாசல்லதான் நிக்காரு."

மணிச் சத்தம் கேட்கத்தான் செய்தது. முதல் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு ஆட்களும் வந்துவிட்டார்கள். தராசு தரையைப் பார்த்தது. அங்கே புளி தெரியவில்லை; தலையைக் குனிந்துகொண்டு போகிற மாடத்தி தெரிந்தாள்.

"ஐயா!" என்று கத்தியது.

மண்டபம் திடுக்கிட்டது. தலைமைத் தராசின் சங்கிலிகள் கலகலத்தன. "தேர்வு மண்டபத்தில் என்ன சத்தம்?"

"என் தட்டுக்கு அடியில புளி ஒட்டியிருக்கு ஐயா. இப்பத்தான் தரையில பார்த்தேன். எடுத்துட்டு எழுத அனுமதி வேணும்."

புளி என்ற சொல்லைக் கேட்டதும் எல்லாத் தராசுகளும் குனிந்து தரையைப் பார்த்தன.

பார்த்திருக்கக் கூடாது.

முதலில் அலறியது நகைத் தராசு. அதன் பட்டுக் கயிறு கட்டிய தட்டுக்கு அடியில் ஒரு பொட்டு அரக்கு. மீன்கடைத் தராசின் அடியில் காந்தத் துண்டு. பழக்கடைத் தராசின் அடியில் சப்பி ஒட்டிய மிட்டாய். ஓரத்தில் மேற்பார்வைக்கு வந்து நின்ற எலக்ட்ரானிக் வாத்தியாரின் ஒரு காலுக்கு அடியில் எட்டாக மடித்த பஸ் டிக்கெட்! "எனக்கா? எனக்கா?" என்று ஒவ்வொன்றும் சுழன்று சுழன்று பார்த்துக் கூச்சல் போட்டது. வாத்தியாரின் சிவப்பு எழுத்து பூஜ்யத்துக்குப் போய் நின்றுவிட்டது.

"அமைதி!" என்று அதட்டியது தலைமைத் தராசு. "இத்தனை ஆண்டுகளாக இப்படி ஒரு குழப்பம் இந்த மண்டபத்தில் நடந்ததில்லை. காரணம் என்ன?"

எல்லாத் தராசுகளும் மறுபடியும் தரையைப் பார்த்தன.

"தரை," என்றது தலைமைத் தராசு. "போன மாதம் புதிதாகப் போட்ட தரை. உடனே மூடுங்கள்!"

ஆட்கள் ஓடினார்கள். மூட்டை மூட்டையாக ஜமக்காளம் வந்தது. இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை விரித்தார்கள்.

"இப்போது யாருக்காவது ஏதாவது தெரிகிறதா?"

"இல்லை ஐயா!" என்றன அத்தனை தராசுகளும் ஒரே குரலில். நகைத் தராசின் குரல்தான் எல்லாவற்றிலும் இனிமையாக இருந்தது.

நம் தராசு மட்டும் பதில் சொல்லவில்லை. அது கோலை ஓங்கி ஒரு சாய்ப்புச் சாய்த்து, இடது தட்டைக் கொக்கிக் கம்பத்தில் மோதியது. ஒரு மோதல், இரண்டு மோதல். பொத்தென்று புளி புது ஜமக்காளத்தில் விழுந்தது. முள் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் தள்ளாடி, மெல்ல அடங்கி, அது தன் ஆயுளில் நின்றறியாத ஓர் இடத்தில் போய் நின்றது.

'அட! நேர் என்பது இங்கேயா இருக்கிறது?' என்று திகைத்துப்போனது தராசு. காற்று வீசியது. மணி அடித்தது. முள் அசையவில்லை.

"ஜமக்காளத்தைக் கறைப்படுத்திய தராசை வெளியேற்றுங்கள்," என்றது தலைமைத் தராசு. "எடைக்கல்லையும் சேர்த்து."

வாசலில் ஆவுடையப்பன் தராசைத் திருப்பிப் பார்த்தார். தடவிப் பார்த்தார். "அடிப்பாவி! வயித்துல அடிச்சிட்டியே! இனிமே உன்னை வச்சுக்கிட்டு நான் எப்படிக் கடை நடத்துறது?" அங்கேயே வண்டிக்காரனைக் கைதட்டிக் கூப்பிட்டார். இரண்டையும் போட்டார். ஒரு பொட்டலம் பேரீச்சம்பழத்தை வாங்கிக்கொண்டு போனார். பொட்டலத்தைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டே போனார். குறைவதுபோல இருந்திருக்க வேண்டும்.

வண்டிக்காரன் தராசின் முள்ளைப் பார்த்தான். தன் பழைய தராசைக் கழற்றி இரும்புக் குவியலில் எறிந்தான். இதை வண்டிக் கம்பத்தில் மாட்டினான். உருக்குவதற்கு இரும்புக்கா பஞ்சம்? நேராக நிற்கிற முள்ளுக்குத்தான் பஞ்சம்.

வண்டி, மாடத்தி இட்லி விற்கிற தெருவுக்குள் திரும்பியது. குவியலில் கிடந்த எடைக்கல் தானாகவே சிரித்துக்கொண்டது.

"என்ன அண்ணாச்சி சிரிக்கிறீங்க? உங்களை நாளைக்கு உருக்கப்போறாங்க."

"உருக்கட்டும். மறுபடி முழு அரைக்கிலோவா ஊத்துவான்லா. அது கெடக்கட்டும் தங்கச்சி. நம்மளைத் தூக்கிட்டு வரும்போது காத்தடிச்சு, மேடையில கெடந்த செவப்புக் கம்பளம் கொஞ்சம் தூக்குச்சே. அதுக்கடியிலயும் அதே தரைதான். நீ பார்க்கலையா?"

"இல்லையே. என்ன தெரிஞ்சது?"

எடைக்கல் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தியது.

"நம்மளுது வெறும் நெல்லிக்காய் தங்கச்சி."