நாலு கம்பி அல்லி

கோயில் கொடைத் திருவிழாக் கச்சேரி. இவ்வளவு பெரிய கூட்டத்தின் முன் அல்லி வாசிக்கப்போவது இதுதான் முதல் தடவை. மெட்டுக்கட்டைகள் இல்லாத, அடிநாதம் எழுப்பும் தன் நாலு கம்பி கிட்டாரோடு துள்ளிக்கொண்டு மேடையேறப் போனவளை மறித்தார் இசைக்குழுத் தலைவர் ஞானதுரை.

"ஃப்ரெட்லெஸ் பேஸ் கிட்டார்னா அஞ்சு கம்பி வேணும்மா. நாலு கம்பிக்காரி வீட்டுக்குப் போ, நானே வாசிச்சுக்கிடுதேன். என் அஞ்சாவது கம்பியைத் தொட்டா ஊரே அதிரும்!"

அல்லி ஆசையாகக் குனிந்து அவர் கிட்டாரைப் பார்த்தாள். "ஏன் அண்ணாச்சி, நாலு கம்பியும் விரல் பட்டுப் பட்டுக் கறுத்துக் கிடக்கு. அஞ்சாவது மட்டும் வாங்கின அன்னைக்கு மாதிரியே மின்னுதே?"

டிரம்ஸ்காரர் குபீரென்று சிரித்துவிட்டார். "அதானே! அந்தச் சத்தத்தை நாங்களும் இன்னும் கேக்கலையே!"

"அது... இப்பதான் பழகுதேன்," என்று இழுத்தார் ஞானதுரை.

"நல்லாப் பழகுங்க அண்ணாச்சி. அதுவரைக்கும் நாலு கம்பியிலயே ஊரை அதிர வைக்கேன்!" என்றவள், ஒரே தாவலில் மேடையில் நின்றாள்.